டி.வி.க்கு முதுகு காட்டி உட்கார்ந்த வருடங்கள்

முப்பத்திரண்டு வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். சம்பாதிப்பதிலிருந்து ஓய்வு இல்லை; தொடர்களைப் பார்த்து வயது குறிக்கும் வேலையிலிருந்துதான் ஓய்வு. அடுத்த மாதம் இதே ஒரகடத்தில் ஒரு பேட்டரித் தொழிற்சாலையின் தரப் பிரிவில் சேர்கிறேன். கிளம்புவதற்கு முன் ஏதாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று கேட்டவர்கள், புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு பெண்கள்.

"அக்கா, டி.வி.ய பாக்காமலே நீங்க டி.வி.க்கு மார்க் போட்டீங்களாமே, நெஜமா?"

பாதி நிஜம்.

அவர்களுக்கு இப்போது ஒரு மென்பொருள் வந்துவிட்டது. ஒரு தொடரை அதனிடம் கொடுத்தால் எங்கே சிகரெட், எங்கே கெட்ட வார்த்தை, எங்கே ரத்தம் என்று நிமிடக் கணக்கோடு துப்பிவிடுகிறது. நல்ல கருவி, குறை சொல்ல மாட்டேன். சிகரெட் எண்ணுவது ஒருநாளும் எனக்குப் பிடித்த வேலையாக இருந்ததில்லை. ஆனால் அந்த மென்பொருளுக்குத் திரை மட்டும்தான் தெரியும். எங்கள் காலத்தில் திரைக்கு எதிர்ப்பக்கத்தையும் பார்த்தோம். எப்படி என்று சொல்கிறேன்.

நான் மின்னணுவியலில் டிப்ளமோ. முதல் வேலை ஸ்ரீபெரும்புதூர் பக்கம், டி.வி. பேனல் செய்யும் ஒரு கம்பெனியில். வெள்ளைத் திரை, கறுப்புத் திரை, பிறகு சிவப்பு, பச்சை, நீலம். ஏதாவது ஒரு மூலையில் ஒரு புள்ளி எரியாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஷிஃப்ட் முழுக்க டி.வி. பார்த்தேன், ஆனால் கதையே வராது. கான்ட்ராக்ட் முடிந்து நின்றபோது, ஒரகடம் சந்திப்பில் வங்கிக்கு மேல்மாடியில் இருந்த ஒரு சின்ன அலுவலகம் ஆள் தேடியது. தொழிற்சாலைகளுக்குப் பாதுகாப்புப் படம் எடுத்துக்கொண்டிருந்த நிறுவனம் அது. ஹெல்மெட் போடு, கையுறை போடு, மெஷினில் கை விடாதே, இவ்வளவுதான் அவர்கள் எடுத்த கதைகள். பிறகு தொடர்கள் வெளியிடும் ஒரு செயலியை நடத்துகிறவர்கள், ஒவ்வொரு தொடரும் எந்த வயதுக்கு ஏற்றது என்று பார்த்துச் சொல்லும் வேலையை இவர்களிடம் கொடுத்தார்கள். ஏழுக்கு மேல், பதின்மூன்றுக்கு மேல், பதினாறுக்கு மேல், பெரியவர்களுக்கு மட்டும் என்று பிரிவுகள்.

வேலைக்கு எடுத்தது முழுக்க எங்களைப் போன்ற தரப் பரிசோதனை ஆட்களைத்தான். ஷபீர் ஒரு கார் கம்பெனியில் பெயின்ட் கீறல் பார்த்துக்கொண்டிருந்தவன். "இலக்கியம் படிச்சவங்கள எடுத்தா ரெண்டாவது எபிசோட்லயே கதைக்குள்ள போயிருவாங்க. நீங்க போக மாட்டிய" என்பது எங்கள் மேலாளர் பெஞ்சமின் சார் சொன்ன காரணம்.

பெஞ்சமின் சார் நாகர்கோவில்காரர். பிரேக் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் தரப் பிரிவுத் தலைவராக இருந்தவர். முழுக்கைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை. அலுவலகத்தில் எல்லோரும் அவருக்கு "மக்களே" தான்; செயலிக்காரர்களின் மேலதிகாரி வந்தபோதும் வாய் தவறி "மக்களே" என்று கூப்பிட்டுவிட்டு, திருத்திக்கொள்ளாமல் அப்படியே தொடர்ந்தார். நகைச்சுவைத் தொடர் பார்க்கும்போது சிரிக்க மாட்டார். தோள் மட்டும் லேசாகக் குலுங்கும். தோள் குலுங்கினால் தொடர் நன்றாக இருக்கிறது என்று நாங்கள் தெரிந்துகொள்வோம். நல்ல தொடர், கெட்ட தொடர் என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "யாருக்கு?" என்று ஒரே கேள்வி கேட்பார். அதற்குப் பதில் இல்லையென்றால் போய் மறுபடி பார்க்க வேண்டும்.

அவர் வைத்திருந்த முறை இது. ஒரு தொடரை மூன்று தடவை பார்க்க வேண்டும். முதல் தடவை எல்லோரையும் போல. அடுத்த தடவை கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும், ஏனென்றால் சமையல் செய்துகொண்டிருக்கும் அம்மாவுக்கு அவ்வளவுதான் கேட்கும். அதற்கடுத்து சத்தமில்லாமல் படத்தை மட்டும், ஏனென்றால் ஷேர் ஆட்டோவில் பக்கத்து சீட்டுப் பிள்ளையின் போனில் அவ்வளவுதான் தெரியும். கடைசியில் ஓரிரு வாக்கியம் எழுத வேண்டும். அதுதான் தொடரின் பெயருக்குக் கீழே வரும் எச்சரிக்கை. "பஸ் ஸ்டாப்புல நிக்க ஒரு அம்மாகிட்ட, பஸ் வாரதுக்குள்ள சொல்லி முடிக்கணும். அந்தம்மா தலையாட்டணும். தலையாட்டலேன்னா நீங்க எழுதினது நோட்டீஸ், பாத்துக்கிடுங்க." வன்முறை, மொழி, கருப்பொருள் என்றெல்லாம் எழுதிக்கொண்டு போனால், "எந்த பஸ் ஸ்டாப்புல இப்படிப் பேசுவாவ?" என்று தாளைத் திருப்பித் தள்ளுவார்.

பிள்ளைகளுக்கான தொடர் என்றால் இன்னொரு கட்டமும் உண்டு. சனிக்கிழமை மதியம் சுற்றுவட்டாரத்திலிருந்து பதின்மூன்று வயது தாண்டிய பிள்ளைகளை அழைத்து, ஹாலில் உட்கார வைத்து, தொடரைப் போட்டுக் காட்டுவோம். சமோசா உண்டு. வீட்டிலிருந்து யாராவது ஒருவர் கூட வந்தாக வேண்டும். அவர்களுக்குக் கடைசி வரிசை. நானும் ஷபீரும் டி.வி.க்குக் கீழே, டி.வி.க்கு முதுகைக் காட்டி, பிள்ளைகளைப் பார்த்தபடி உட்காருவோம். திரும்பக் கூடாது.

"எந்த எடத்துல சிரிக்கான்னு பாக்காதீங்க, எப்படிச் சிரிக்கான்னு பாருங்க. தானாச் சிரிச்சா செரி. பக்கத்துப் பிள்ளையப் பாத்துட்டுச் சிரிச்சா, அது பயத்துல வார சிரிப்பு. அந்த எடத்தைக் குறிச்சுக்கிடுங்க."

ஆரம்பத்தில் எனக்கு இது வேடிக்கையாகத்தான் இருந்தது. பிறகு ஒரு தொடர் வந்தது. சிகரெட் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை, எங்கள் அட்டவணைப்படி ஏழு வயதுப் பிள்ளையும் பார்க்கலாம். அதில் ஒரு வாத்தியார் ஒரு மாணவனின் நிறத்தை வைத்துக் கேலி செய்துகொண்டே இருப்பார். சனிக்கிழமை அந்தக் கேலி வந்த ஒவ்வொரு முறையும் முன்வரிசை மொத்தமும் ஒரே பையனைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தது. அவனும் சிரித்தான். எல்லோருக்கும் கடைசியாக. டி.வி.யைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் எனக்கு அது தெரிந்திருக்காது. அன்றிலிருந்து நாற்காலியைத் திருப்பிப் போடுவதற்கு முனகவில்லை.

இனி அந்தத் தொடர். பெயர் 'மூணாவது பெல்'. ஒரு சிறிய குழு எடுத்தது. தொழிற்சாலைகள் சூழ்ந்த ஊரில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி, அதில் ஒன்பதாம் வகுப்பு. கதாநாயகி பூங்கொடியின் அம்மா ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவள். பெற்றோர் கூட்டத்துக்கு ஆள் இல்லாததால் பூங்கொடி, தெருவில் தண்ணீர் கேன் போடுகிறவரை மாமா என்று சொல்லி அழைத்துப் போகிறாள். அவர் வாய் திறக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும் என்பது ஒப்பந்தம். ஆனால் மனிதர் கூட்டத்தில் சூடாகி, கணக்கு டீச்சரைக் கேள்வி கேட்டு, கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று சண்டை போட்டு, கடைசியில் பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கே அவரைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அடுத்த எபிசோடுகளெல்லாம் பூங்கொடி இந்த மாமாவைச் சமாளிக்கிற கதை. முதல் தடவை பார்த்தபோது பெஞ்சமின் சாரின் தோள் குலுங்கிய குலுங்கலில் நாற்காலி சத்தம் போட்டது.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "பதினாறு" என்றார்.

ஷபீர் துள்ளிவிட்டான். "சார்! நீங்களே சிரிச்சீங்களே!"

"எனக்கு அறுபது வயசு மக்களே. நா சிரிக்கலாம். பதிமூணு வயசுப் பிள்ள இதப் பாத்துட்டு, தெருவுல போற ஒருத்தரக் கூப்பிட்டு நீங்க எனக்கு மாமா, வாங்கன்னு சொன்னா? கதையில வாரவரு நல்ல மனுசன். தெருவுல வாரவரு?"

பிள்ளைகள் அப்படியே செய்து பார்க்கக்கூடிய ஆபத்து என்று எங்கள் அட்டவணையில் ஒரு வரி உண்டு. அந்த வரிப்படி அவர் சொன்னது சரி. பதினாறு என்று போட்டால் செயலியில் பள்ளிப் பிள்ளைகளின் பெயரில் உள்ள கணக்கில் இந்தத் தொடர் தெரியவே தெரியாது. பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்காக எடுத்த தொடர் அவர்களுக்கு இல்லாமல் போகும். என்னால் இரண்டு பக்கமும் பேச முடிந்தது, அதனால் பேசவில்லை. சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது.

அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தில் கீர்த்தனா என்று ஒரு பெண். வல்லக்கோட்டைப் பக்கம் வீடு, ஒன்பதாம் வகுப்பு. முதல் வாரம் அவள் அம்மா செல்வி வந்து சம்மதம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நைட் ஷிஃப்ட் முடிந்து சனிக்கிழமை பகலில் தூங்க வேண்டியிருப்பதால் இனி வீட்டிலிருந்து யாரையாவது அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு கீர்த்தனாவோடு வந்துகொண்டிருந்தவர் அவள் சித்தப்பா வேலு. கடைசி வரிசையில் ஏ.சி.க்கு நேர் கீழே உள்ள நாற்காலி அவருடையது. காட்சி முடிந்ததும் பெரியவர்களின் கருத்தைக் கேட்போம். மற்றவர்கள் "நல்லா கீது" என்று சொல்லிவிட்டு சமோசாவுக்குப் போவார்கள். வேலு உட்கார்ந்து பேசுவார். "அந்தப் பொண்ணு அளுவுறப்ப பாட்டு போட்டாங்க பாருங்க மேடம், அது தப்பு. அளுவுறத கேக்க வுடணும்." கூட வருகிற பெரியவர்களிலேயே சரியாகப் பார்க்கிறவர் இவர்தான் என்று பெஞ்சமின் சார் எங்களிடம் சொல்லியிருக்கிறார்.

'மூணாவது பெல்' ஓட ஆரம்பித்தது. எனக்கு வசனம் மனப்பாடம். முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் கேன்காரர் தலைசீவி, கடன் வாங்கிய சட்டையோடு பள்ளி வாசலில் வந்து நிற்கிற இடம். ஹால் வெடித்தது. தானாக வந்த சிரிப்பு, யாரும் யாரையும் பார்க்கவில்லை.

இரண்டு பேரைத் தவிர. இரண்டாம் வரிசையில் கீர்த்தனா சிரிக்கவில்லை. கடைசி வரிசையில் வேலுவும் சிரிக்கவில்லை. அவள் மெதுவாகத் திரும்பினாள். அவர் ஏ.சி.யை அண்ணாந்து பார்த்தார்.

பக்கத்தில் ஷபீர் என் முழங்கையை இடித்தான். அவனும் பார்த்துவிட்டான்.

காட்சி முடிந்ததும் வேலு சமோசாவைக்கூட எடுக்காமல் படியிறங்கினார். நான் பின்னாலேயே போனேன். கீழே அவருடைய ஷேர் ஆட்டோ, கண்ணாடியில் முருகன் படம். உள்ளே ஏற்கெனவே ஒரு பாட்டி உட்கார்ந்துகொண்டு, "இன்னாப்பா, சிங்கப்பெருமாள் கோவில் போவுமா போவாதா?" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"வேலு அண்ணே, நீங்க அவளுக்குச் சித்தப்பாவா?"

"மேடம், நான் ஒண்ணியும் தப்பா பண்ணல மேடம்" என்றார். முகம் வியர்த்திருந்தது. "தெனமும் என் வண்டிலதான் பள்ளிக்கூடம் போவும். சனிக்கெளம சவாரி கம்மி. அண்ணே, சும்மா வந்து குந்திகினு இரு, ஏ.சி. கீது, சமோசா கீதுன்னுச்சு. ஒரு வாரம்னுதான் வந்தேன். அப்பறம் எனக்கே புடிச்சுப் போச்சு."

மேலே வந்தால் கீர்த்தனா பெஞ்சமின் சார் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"ஒங்க அம்மாவுக்கு என்ன சொல்லியிருக்க?"

"ஃப்ரெண்டோட அம்மா இட்டுகினு போறாங்கன்னு." பிறகு ஒரே மூச்சில் சொன்னாள்: "சார், அம்மாகிட்ட சொல்லாதீங்க சார். சொன்னா சனிக்கெளம தூங்காம அதுவே வரும். இல்லாங்காட்டி வேலையே வுட்டுடும். போன தபா எனக்கு ஜுரம்னு லீவு போட்டதுக்கே சூப்பர்வைசர் திட்டிச்சு. ப்ளீஸ் சார். நான் இனிமே வர்ல, அவ்ளோதான? அம்மாகிட்ட மட்டும் வேணாம்."

அவள் பயந்தது அடிக்கு அல்ல. அம்மாவின் தூக்கம் கெட்டுவிடுமே என்று.

பெஞ்சமின் சார் பேனாவை மூடி வைத்தார். "நீ வராம இருக்க வேண்டாம். ஆனா அம்மாகிட்ட சொல்லாம இருக்க முடியாது மக்களே. ஒண்ணு நீ சொல்லு, இல்லைன்னா நா சொல்லுகேன்."

அவள் போன பிறகு எங்களிடம் திரும்பினார். "பாத்தியளா? பதினாறு."

"சார், தொடரப் பாத்து அவ இதச் செய்யல" என்றேன். "அவ செஞ்சு பல வாரம் ஆச்சு. தொடர் இன்னிக்குத்தான் வந்துது."

"செரி. இந்த வேலு நல்லவன். அடுத்த வேலு?"

ஷபீர் சமோசாத் தட்டுகளை எடுக்கப் போனான்.

கீர்த்தனா வீட்டில் தானே சொல்லிவிட்டாள். மறு சனிக்கிழமை காலையிலேயே செல்வி வந்தார். கம்பெனி பஸ்ஸிலிருந்து நேராக இறங்கியவர். கழுத்தில் அடையாள அட்டை, கண்ணில் தூக்கம், பக்கத்தில் தலைகுனிந்த மகள்.

"அந்தப் படத்த எனக்குப் போட்டுக் காட்டுங்க சார்" என்றார், உட்காருவதற்கு முன்பே.

ஒரு தாயை மட்டும் வைத்துத் தொடரைப் போட்டுக் காட்டுவது எங்கள் முறையில் இல்லை. பெஞ்சமின் சார் என்னைப் பார்த்தார். நான் போய் வழக்கம்போல நாற்காலியைத் திருப்பிப் போட்டேன்.

செல்வி முதலில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கேன்காரர் பள்ளி வாசலுக்கு வந்தபோது உதட்டைக் கடித்தார். அவர் கணக்கு டீச்சரைக் கேள்வி கேட்டபோது மூக்கு விடைத்தது. பெற்றோர் ஆசிரியர் கழகத் தேர்தலில் தாங்க முடியாமல் சிரித்துவிட்டார். சிரித்த வேகத்திலேயே மகளின் முதுகில் ஓர் அடி போட்டார். "சிரிப்பு வேற வருது பாரு! ஏண்டி, கூட வர்றதுக்கு ஒனக்கு ஒரு ஆம்பள வேணும்னா வேலு அண்ணந்தான் கெடச்சாரா?"

"அவரு நல்லவரும்மா."

"தெரியும்டி, நானுந்தான் அந்த வண்டில போறேன். நல்லவருன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது? கேட்டியா? என்னாண்ட கேட்டியா?"

பூங்கொடியின் அம்மா எல்லாம் தெரிந்தும் மகளிடம் எதுவும் கேட்காமல் தோசை சுட்டுப் போடுகிற காட்சி அப்போது ஓடியது. செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

முடிந்ததும் பெஞ்சமின் சார் கேட்டார். "இத பதினாறுக்கு மேலன்னு போடலாம்னு இருக்கேன் அம்மா. நீங்க என்ன சொல்லுதிய?"

"போட்டா?"

"சின்னப் பிள்ளைங்க கணக்குல வராது."

செல்வி யோசித்தார். "அப்ப எங்க வூட்டுக்கு வராது. ஒரே போனு, அதுல இவ கணக்குதான் கீது. இந்தப் படம் மட்டும் இல்லன்னா இவ செஞ்சது எனக்கும் தெரிஞ்சிருக்காது, சார்." பிறகு, "நீங்க இன்னா நெனைக்கிறீங்கன்னு புரியுது. எல்லா ஆளும் வேலு அண்ணன் இல்ல. அத இவகிட்ட நான் பேசணும். எப்படி ஆரம்பிக்கிறதுன்னே தெரியாம ரெண்டு வருசமா தள்ளிப் போட்டுகினு கீறேன். இத போட்டுவுட்டா ஆரம்பிச்சுக்கலாம்."

பெஞ்சமின் சார் தோள் குலுங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்; அழுக்கு எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. "செரி மக்களே. பதிமூணு. வாக்கியத்த எழுதுங்க."

எழுத என்னிடம் கொடுத்தார். பலமுறை அடித்துத் திருத்தி, கடைசியில் நின்றது இது: 'பதின்மூன்றுக்கு மேல். இதில் ஒரு பெண், அம்மாவுக்கு நேரமில்லாததால் உறவில்லாத ஒருவரை மாமா என்று பள்ளிக்கு அழைத்துப் போகிறாள். உங்கள் பிள்ளையின் பள்ளியில் பெற்றோர் கூட்டம் எப்போது என்று கேட்டுவிட்டு, சேர்ந்து பாருங்கள்.' செல்வியிடம் வாசித்துக் காட்டினேன். தலையாட்டினார். இது எச்சரிக்கை மாதிரி இல்லையே என்று செயலிக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். பெஞ்சமின் சார் போனை எடுத்து, "பஸ் ஸ்டாப்புல போய்ச் சொல்லிப் பாருங்க மக்களே" என்று ஆரம்பித்தார். அவர்கள் ஏற்றுக்கொள்வதற்குள் அவருடைய காபி ஆறிவிட்டது.

புதிதாக வந்திருக்கும் பெண்களுக்கு நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். மென்பொருள் சிகரெட்டை எண்ணட்டும். ஒரு நாற்காலியை மட்டும் திருப்பிப் போட்டு வையுங்கள்.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளில் செல்வியே மகளோடு வந்தார். வேலுவின் ஷேர் ஆட்டோவில்தான் இருவரும் வந்து இறங்குவார்கள். வேலுவும் மேலே வருவார், இப்போது வெறும் வேலுவாக. கருத்து சொல்லாமல் அவரால் இருக்க முடியவில்லை. ஆனால் ஏ.சி.க்கு நேர் கீழே இருக்கும் நாற்காலியைச் செல்விக்கு விட்டுக் கொடுத்துவிட்டார்.

அப்படி ஒரு நாள் ஏதோ ஒரு நகைச்சுவை ஓடிக்கொண்டிருந்தது. ஹால் முழுக்கச் சிரித்தது. கீர்த்தனாவும் சிரித்துவிட்டு, அம்மாவும் சிரிக்கிறாளா என்று திரும்பிப் பார்த்தாள். செல்வி வாய் லேசாகத் திறந்திருக்க, தலையைச் சுவரில் சாய்த்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வேலு வாயைப் பொத்திக்கொண்டு சத்தம் வராமல் சிரித்தார். கீர்த்தனா என்னைப் பார்த்தாள். கையால் ஏதோ சைகை காட்டினாள்.

இத்தனை வருடங்களில் அந்த ஒரே ஒரு தடவைதான், காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போது நான் டி.வி. பக்கம் திரும்பினேன். சத்தத்தைக் குறைத்தேன்.